வறட்சியைத் தாங்கும் பொத்தான்

ஆகஸ்டு மாதம் பத்தொன்பதாம் நாள், புதன்கிழமை. விடிந்தது முதல் வானம் மூட்டமாகவே இருந்தது. மேற்கிலிருந்து மெல்லிய காற்று வீசியது. மழை வருவதுபோல் போக்குக் காட்டியதே தவிர, ஒரு சொட்டும் விழவில்லை.

அன்று காலை ஏழு மணிக்குப் பொறியாளர் தம் வீட்டுக் குளியலறையில் இரு கைகளையும் நீட்டியபடி நின்றிருந்தார். அவருடைய மனைவி பாத்திரம் தேய்க்கும் நாரால் அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மெதுவாம்மா, தோல் உரியுது.”

“உரியட்டும். உள்ள இருக்கிற தோலாவது சுத்தமா இருக்கான்னு பாப்போம். இந்தக் கையோடயா பெரியவங்க முன்னாடி போய் நிப்பீங்க? நகத்துக்குள்ள இருக்கிற மசகை வச்சே ஒரு லாரிக்கு சர்வீஸ் பண்ணிடலாம்.”

அவள் சொன்னதில் மிகை அதிகம் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தவர் அவர். நாற்பத்தொன்பதாம் வயதில், தம் மகன் வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து இயந்திரவியல் படித்துத் தேறியவர். பட்டம் கைக்கு வந்த நாள் முதல், காபி ஆறிவிட்டது என்று சொல்வதை விட்டுவிட்டு, அது வெப்பத்தை இழந்துவிட்டது என்றே சொல்லிவந்தார். பேச்சு மாறியது, கை மட்டும் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

அன்று மாலைக்குள் அவருடைய நான்காண்டு உழைப்பின் தலையெழுத்து தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தின் தரைத்தளத்தில், ஏழாம் எண் அறையில், அவர் கட்டிய இயந்திரம் நின்றிருந்தது. அதன் பணி பின்வருமாறு: மேலே உள்ள தொட்டியில் பயறு விதைகளைக் கொட்டினால் அவை ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கும். கேமரா ஒவ்வொன்றையும் பார்க்கும். வறட்சியைத் தாங்கும் மரபணு உள்ள விதை எனத் தோன்றினால் காற்று ஓர் ஊது ஊதி அதை வலப்பெட்டிக்குத் தள்ளும். சாதாரண விதையாயின் அது இடப்பெட்டியில் விழும். விதையை அரைத்துத்தான் மரபணுவைச் சோதிக்க முடியும், ஆனால் அரைத்த விதை முளைக்காது. ஆகவே பார்வையிலேயே கண்டறியும் இந்த இயந்திரம் வெற்றி பெற்றால் அது பெரிய காரியம். மதிப்பீட்டுக் குழு ஒப்பமிட்டால் நாற்பது பள்ளிகளுக்கு நாற்பது இயந்திரங்கள் போகும். பிள்ளைகள் விதை பிரித்து, விதைத்து, நீர்ச் சிக்கனம் கற்பார்கள். ஒப்பமிடாவிட்டால் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அறையை நகலெடுக்கும் பிரிவுக்குக் கொடுத்துவிடுவார்கள். கழற்றும் வேலையும் அவர் தலையில்தான் விழும்.

இந்த ஆய்வில் அவரோடு இருவர் கூட்டு. ஒருத்தி அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. மரபணுக்களைக் கணினியில் ஆராய்பவள். அவளைப் பொறுத்தவரை விதை என்பது திரையில் ஓடும் நான்கு எழுத்துகளின் நெடிய வரிசை. உண்மையான விதையை அவள் தொட்டதே இல்லை. இயந்திரத்தின் கேமராவுக்குப் படங்களைக் காட்டி, எது எந்த வகை என்று கற்பித்தவள் அவளே. மற்றவர் பசுமை டீச்சர். நீடித்த வாழ்வு குறித்துப் பள்ளிகளில் பாடம் நடத்துபவர். எதையும் எறிய மாட்டார். பொரித்து மிஞ்சிய எண்ணெயில் அவரே காய்ச்சிய சோப்புதான் அன்று காலை குளியலறையில் வேலை செய்தது. முந்தின நாள் மாலை அதே சோப்பால் பொறியாளர் இயந்திரத்தையும் தொட்டி முதல் பெட்டி வரை கழுவித் துடைத்து, புதுப்பெண் போல் நிறுத்தியிருந்தார்.

மாலை மூன்று மணிக்குக் குழு வந்தது. தலைவி அம்மாள் வெள்ளைத் தலை, கூர்மையான பார்வை. கூடவே கண்ணாடி போட்ட உறுப்பினர் ஒருவர். தலைவி கையிலிருந்த அழைப்பிதழைத் திருப்பிப் பார்த்தார்.

“இதென்ன, பின்னாடி? ஏழாம் வகுப்புக் கணக்கு, நூத்துக்குப் பதினொண்ணு?”

“காகிதத்தை வீணாக்கக் கூடாதுல்லம்மா. ஒரு பக்கம் காலியாதான் இருந்துச்சு,” என்றார் டீச்சர்.

“அந்தப் பையனுக்கும் காலியாதான் இருந்திருக்கு போல.”

பொறியாளர் தொண்டையைச் செருமினார். இரவெல்லாம் மனப்பாடம் செய்த முன்னுரையைத் தொடங்கினார்.

“இயந்திரம் எனப்படுவது யாதெனில்...”

“அத்தான், அவங்களுக்கு அது தெரியும். ஓட்டிக் காட்டுங்க,” என்று மச்சினி காதருகே முணுமுணுத்தாள்.

மரபணுச் சோதனையில் வறட்சியைத் தாங்குவதாக உறுதியான செடிகளின் விதைகள் முந்நூறு, ஒரு குப்பியில் இருந்தன; சாதாரண விதைகள் வேறொரு குப்பியில். பொறியாளர் அவற்றைத் தொட்டியில் கொட்டி விசையை அழுத்தினார். விதைகள் இறங்கின. கேமரா பார்த்தது. அத்தனையும் இடப்பெட்டியில் விழுந்தன. வலப்பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

கண்ணாடிக்காரர் வலப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “ஒருவேளை மெதுவா வருமோ?”

“போன வாரம் நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியா வந்துச்சுங்க!” பொறியாளரின் குரலில் இலக்கணம் உதிர்ந்துவிட்டது. மச்சினி கணினித் திரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்நேரம் பார்த்து இயந்திரம் கிறீச்சிடத் தொடங்கியது. சோப்பு பேரிங்கில் இருந்த எண்ணெயையும் விட்டுவைக்கவில்லை. அதைக் கேட்டதும் அவருக்குள் இருந்த பட்டதாரி விலகி நின்றார். பட்டறைக்காரர் முன்னால் வந்தார். மூடியைக் கழற்றினார். எண்ணெய்க் குவளையை எடுத்தார். பேரிங்கில் நான்கு சொட்டு விட்டு, விரலால் தடவிச் சுழற்றினார். கிறீச்சு அடங்கியது. அதே விரல்களால் இடப்பெட்டியிலிருந்து சில விதைகளை அள்ளி, சரிவின் தலைப்பில் ஒவ்வொன்றாக வைத்தார்.

உஸ்! ஒன்று வலப்பெட்டியில் விழுந்தது. உஸ்! இன்னொன்று. இருபது விதைகள், இருபதும் வலப்பக்கம்.

“ஆகா! பேரிங்தான் மக்கர் பண்ணியிருக்கு,” என்று கண்ணாடிக்காரர் கைதட்டினார். தலைவி அம்மாள் படிவத்தை மேசையில் விரித்து, பேனாவின் மூடியைத் திறந்தார். டீச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பொறியாளருக்கும் உயிர் வந்தது. ஆனால் இருபத்தாறு ஆண்டுப் பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. ஓர் இயந்திரம் காரணமில்லாமல் குணமானால் அவருக்கு அன்று சோறு இறங்காது. பேரிங்குக்கும் கேமராவின் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஒருவரும் பார்க்காத வேளையில் சாதாரண விதைக் குப்பியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். உஸ்! வலப்பெட்டி. மற்றொன்று. உஸ்! வலப்பெட்டி. அவருடைய சட்டையின் கடைசிப் பொத்தான் காலையிலிருந்தே நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து வைத்தார்.

உஸ்!

திரையில் பச்சை எழுத்தில் தெரிந்தது: வறட்சியைத் தாங்கும் விதை, முதல் தரம்.

மச்சினி அதைப் பார்த்துவிட்டாள். “அத்தான்... அது என்ன?”

“பொத்தான்.”

“பொத்தானுக்கு ஏது மரபணு?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.” அவர் தம் விரல்களை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். அவை பளபளத்தன. “ஏம்மா, கேமராவுக்குக் கத்துக்கொடுக்க நாம படம் எடுத்தோமே, நல்ல விதைங்களை யார் எடுத்து வச்சது?”

“நீங்கதான். அபூர்வமான விதை, ஒண்ணுகூட உருளக் கூடாது, நானே கையால வைப்பேன்னு யாரையும் கிட்ட விடல.”

“சாதாரண விதைங்களை?”

“டீச்சரோட பிள்ளைங்க கரண்டியால கொட்டினாங்க.”

“சோதனைக்கு?”

“அதுக்கும் நீங்கதான்...” அவள் வாய் திறந்தபடியே நின்றது. “ஐயோ! அப்ப நாலு வருஷமா இது மரபணுவைப் பாக்கல. உங்க கை எண்ணெயைப் பாத்திருக்கு!”

“நீ கணக்குல கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?”

“எனக்கு வந்தது வெறும் படம். விதைன்னா இப்படித்தான் மினுமினுன்னு இருக்கும்னு நினைச்சேன். விதை எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க?”

“படிச்சவ பேசுற பேச்சா இது?”

“நீங்களும்தான் படிச்சீங்க, கை கழுவவே நாலு வருஷம் ஆயிருக்கு!”

இருவரும் இவ்வளவையும் கிசுகிசுப்பாகவே பேசினர். மேசையருகே தலைவி அம்மாள் படிவத்தின் கடைசிப் பக்கத்திற்கு வந்துவிட்டார். பேனா முனை காகிதத்தைத் தொட்டது. சும்மா இருந்தால் போதும். அறை நிலைக்கும், இயந்திரம் நிலைக்கும், நாற்பது பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் அவருடைய பெயரும் ஒட்டிக்கொள்ளும். மச்சினி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு நொடி மேற்கூரையைப் பார்த்தார். அங்கு உதவி ஏதும் இல்லை.

“அம்மா, கையெழுத்துப் போட்டுடாதீங்க,” என்றார்.

தலைவியின் பேனா நின்றது. பொறியாளர் பொத்தானை உள்ளங்கையில் ஏந்திச் சென்று நடந்ததை நடந்தபடியே சொன்னார். கண்ணாடிக்காரர் நம்பவில்லை. எழுந்து வந்து, தம் கண்ணாடி துடைக்கும் துணியின் நுனியைக் கிழித்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிச் சுருட்டி, அதைத் தாமே சரிவில் வைத்தார். உஸ்! அதுவும் முதல் தரம். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார்.

“நாலு வருஷமா பிள்ளைங்ககிட்ட இதைப் பத்திப் பாட்டுப் பாடிட்டு இருந்தேனே,” என்றார் அவர். “பாட்டுல எண்ணெய்னு ஒரு வார்த்தைகூட வரலியே!”

தலைவி அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பதவியின் பொருட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்:

“நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்நேரம் நான் கையெழுத்துப் போட்டு முடிச்சிருப்பேன். ஏன் சொன்னீங்க?”

“நாற்பது பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைங்க இருக்காங்கம்மா. டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்காங்க, எல்லாரும் கை கழுவிட்டுத்தான் வருவாங்க. முதல் நாளே மாட்டிக்குவேன்.”

இதுவும் உண்மைதான். முழு உண்மை அவர் முகத்தில் இருந்தது. தலைவி அதையும் படித்திருக்க வேண்டும். அவர் படிவத்தில் பள்ளிகளுக்கு அனுப்பும் பகுதியைக் குறுக்கே அடித்தார். பொறியாளர் கண்களை மூடிக்கொண்டார். பேனா நிற்கவில்லை, அதன் கீழே நான்கு வரிகள் எழுதியது. தலைவி அவற்றை உரக்கப் படித்தார்: ஆறு மாதக் கால நீட்டிப்பு. அறை எண் ஏழு இவர்களிடமே இருக்கும். எட்டாயிரம் விதைகளின் படங்களும் முதலிலிருந்து எடுக்கப்பட வேண்டும். இயந்திர எண்ணெயோ சமையல் எண்ணெயோ தொடாத ஒருவரே விதைகளைக் கையாள வேண்டும்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். பிறகு இருவர் ஒருத்தியைப் பார்த்தனர்.

“நானா?” மச்சினி பின்வாங்கினாள். “எட்டாயிரம் விதையையா? அத்தான், எனக்கு விதையில எது மேல் பக்கம்னுகூடத் தெரியாது!”

“அது போதும்மா, அதான் தகுதி,” என்றார் தலைவி.

கீழே ஒப்பமிட்டுப் பேனாவை மூடினார். அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாக நான்கு பதினேழு.