ஒரே ஒரு த்ரோ-இன்

என் தம்பி நாட்டுக்காக ஆடிய மொத்த நேரம் இரண்டு நிமிடம். அதில் பந்தை ஒரே ஒரு தடவை தொட்டான், அதுவும் கையால்.

அவன் கால்பந்தில் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். அப்பா கப்பல் மெக்கானிக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டுக்காரர், அம்மா இந்த ஊர்க்காரி. கேலரியில் அவனுக்கு வைத்த பெயர் கலப்படம். நன்றாக ஆடினாலும் அதைச் சொல்லித்தான் கைதட்டுவார்கள். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, அப்பாவை அம்மா கட்டிக்கொண்ட நாளிலிருந்து எங்கள் வாசற்படி மிதித்ததில்லை.

தம்பிக்கு இருபத்து நாலு வயதில் ஒரே வாரத்தில் இரண்டு அழைப்பு வந்தது. உலகப் போட்டிக்கான கடைசித் தகுதி ஆட்டத்தில் இந்த நாடும் அப்பாவின் நாடும் மோத வேண்டியிருந்தது. அப்பாவின் நாட்டில் லெஃப்ட் பேக்குக்கு ஆளே இல்லை. அந்தக் கோச் தானே போன் போட்டு, வந்தால் முதல் நிமிடத்திலிருந்து இவன்தான் என்றார். அப்பா எழுந்து நின்றுகொண்டு நன்றி சொன்னார். இந்த நாடு கூப்பிட்டது அதற்கு முந்தைய ஆட்டத்துக்கு. அதுவும் தகுதி ஆட்டம்தான், ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் மாறாது.

வீட்டில் முதல் பட்டதாரி நான். எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். தம்பிக்கு ஏஜென்ட்டும் நான்தான். விதிப் புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். இந்த வயதில் ஒரு நாட்டுக்கு அதிகாரப்பூர்வமான ஒரு ஆட்டம் ஆடிவிட்டால், பிறகு வேறு நாட்டுக்கு ஆட முடியாது. ஒரு நிமிடம் ஆடினாலும் சரி.

அன்று சாயங்காலம் பெரிய மாமா வந்தார். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் டம்ளரில் தண்ணீர் குடித்தார். "யார் என்ன சொன்னாலும் இவன் நம்ம ரத்தம்" என்றார். அம்மா அடுப்படிக்கும் கூடத்துக்குமாகக் காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா பால்கனியில் நின்றார்.

இந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் அனுப்பிய சம்மதக் காகிதத்தோடு தம்பி என்னை உள்ளே இழுத்துப்போய்க் கேட்டான்.

"அக்கா, இதுல ஆடினா அப்பா நாட்டுக்கு ஆட முடியாதுங்கறாங்களே, நிஜமா?"

"அதெல்லாம் பழைய விதிடா. இப்ப மாத்திட்டாங்க. கையெழுத்துப் போடு."

போட்டான்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில், ஐந்து கோல் முன்னிலையில் இருந்தபோது அவனை இறக்கினார்கள். உடனே பந்து கோட்டுக்கு வெளியே போனது. எடுத்து எறிந்தான். அது திரும்பி அவனிடம் வருவதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். மாமா டிவியைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

அடுத்த பட்டியலில் அவன் பெயர் இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, அப்பாவின் நாட்டுக்குப் போகிறேன் என்று சங்க அலுவலகத்தில் சொல்லியிருக்கிறான். மேனேஜர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லையாம்.

"உன்னை எடுத்தது ஆட வைக்கறதுக்கு இல்ல தம்பி. அவங்களுக்கு நீ கிடைக்கக் கூடாதுன்னு."

கடைசித் தகுதி ஆட்டத்தை எங்கள் கூடத்தில்தான் பார்த்தோம். மாமா நடுவில் உட்கார்ந்திருந்தார். இந்த நாடு மூன்று கோல் போட்டது. மூன்றும் எதிரணியின் இடது பக்கத்தைப் பிளந்துகொண்டு போனவை. அங்கே ஒரு வயதான ஆட்டக்காரர் மூச்சு வாங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

"நல்லவேளைடா மாப்ளே, அந்தத் தொடைநடுங்கிக் கூட்டத்துல நீ மாட்டல" என்று மாமா அவன் முதுகில் தட்டினார்.

அப்பா எழுந்துபோய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் வெகுநேரம் ஓடியது.

டிவியைப் பார்த்தபடியே தம்பி என்னிடம் கேட்டான்.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

இங்கேயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மாமா பக்கத்தில் இருந்தார், அம்மா அவருக்குத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

அன்றோடு அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். முப்பது வயதில் முட்டி போய், கிளப் கழற்றிவிட்ட பிறகுதான் என் அறைக்கு வந்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் கோச் வேலை. விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்தான்.

"முன்னாள் தேசிய வீரர்னு எழுது. எத்தனை ஆட்டம்னு எழுதாத."

எழுதிக் கொடுத்தேன். பிழை இருக்கிறதா என்று வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.