எல்லாரும் ஏறியாச்சா?

அப்பாவின் இடது காதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் மகள். ரக்பி ஆடிய காலத்தில் அடிபட்டு அடிபட்டு மடங்கிப்போன காது. மடிப்புக்குள் விரல் நுழையாது, துணி நுனியை முறுக்கித்தான் விடவேண்டும். மற்ற நாளென்றால் கூசுகிறதென்று கையைத் தட்டிவிடுவார். இன்று பேசாமல் கிடந்தார்.

காலையில் டாக்டர் வந்து பார்த்திருந்தார். "இன்னிக்குத் தாண்டறது கஷ்டம். அண்ணனுக்குச் சொல்லிட்டீங்கல்ல?"

சொல்லியாகிவிட்டது. அண்ணன் வழியில் ஏதோ விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். வந்துசேர மதியம் ஆகும்.

கீழ்த்தளத்தில்தான் அப்பாவின் டிராவல்ஸ் அலுவலகம். ஒன்பது மணி பஸ்ஸை டிரைவர் கிளப்பும் சத்தம் கேட்டதும் அப்பா கண் திறந்தார்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

வாலிபத்தில் ஓர் ஆட்டத்தில் புருவம் கிழிந்து அவர் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது, ஜெயித்த குஷியில் அணியின் பஸ் அவரை மறந்துவிட்டுப் போய்விட்டது. தலையில் கட்டோடு மூன்று லாரி மாறி வீடு வந்தாராம். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் தொழில் தொடங்கிய முப்பது வருஷத்தில், ஓர் ஆளை விட்டுவிட்டு அவர் வண்டி நகர்ந்ததில்லை. கழிப்பறைக்குப் போன கிழவருக்காகவும் ஒற்றைக் காலில் நிற்பார். மற்ற பயணிகள் திட்டுவார்கள். திட்டெல்லாம் அந்த மடங்கிய காதைத் தாண்டி உள்ளே போனதே கிடையாது.

"ஏறியாச்சுப்பா."

"பெரியவன்?"

அண்ணனைத்தான் கேட்டார். அப்பாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இரண்டு நாளாக இதே பாடு. வரவில்லை என்று சொன்னால் காத்திருப்பார், அந்த மனுஷனுக்கு வேறெதுவும் தெரியாது. அண்ணன் வரும்வரை இப்படியே கிடந்து தவிப்பார். தவிக்கட்டும் என்று விட அவளுக்கு மனசு வரவில்லை.

"அவனும் ஏறிட்டான்பா. உங்க பின்சீட்டுலதான் இருக்கான்."

"அப்போ கதவ சாத்து."

கால்மணி நேரத்தில் மூச்சு நின்றது.

ஒரு மணிக்கு வந்த அண்ணன், தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் அப்பாவின் காலருகே நின்றான்.

"என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

சொன்னாள். அவன் அவளையே பார்த்தான்.

"நாலு மணி நேரம்தானே. எனக்காக இருந்திருப்பாரு."

"தெரியும். அதனாலதான் சொன்னேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாலையில் அப்பாவை அவருடைய பஸ்ஸிலேயே, சீட்டுகளைக் கழற்றிய இடத்தில் வைத்தார்கள். பழைய அணிக்காரர்கள் ஆறு பேர் முழங்கால் வலியோடு தூக்கி ஏற்றினார்கள். "அன்னிக்கும் இப்படித் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கலாம்டா" என்றார் ஒருவர். யாரோ சிரிக்கப் பார்த்து, முடியாமல் மூக்கைச் சிந்தினார்கள்.

டிரைவர் கதவைச் சாத்தினார். "நேரமாச்சும்மா. எடுக்கட்டுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாடியில் அப்பாவின் அறை ஜன்னலில் அண்ணனின் முதுகு தெரிந்தது.

"அவன் பின்னாடி கார்ல வருவான், நீ வண்டிய எடுப்பா" என்றார் சித்தப்பா.

"இல்லண்ணே" என்றாள் டிரைவரிடம். "இன்னும் ஒருத்தர் ஏறல."

டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தார்.