அக்கா தூங்காத ஒரு படம்

இறந்த மறு வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை மதியக் காட்சியில், எக்ஸ்ரே அக்காவின் தங்கை முதன்முதலாகத் திரையில் தோன்றினாள். படத்தில் அது ரயில் நிலையக் காட்சி. கதாநாயகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், அவனுக்குப் பின்னால் ஜனங்கள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் கடைசியில், செருப்புக் கடையின் சாம்பல் நிறச் சீருடையில், தோளில் பையோடு, அவள் மட்டும் போகாமலும் வராமலும் நின்றாள். கதாநாயகன் ரயிலைத் தவறவிட்டான், காட்சி மாறியது, அவளும் போய்விட்டாள். தியேட்டரில் டிக்கெட் விலையை ஏற்றியதும் அதே வாரம்தான். ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

எக்ஸ்ரே அக்கா என்பது அவள் பெயர் இல்லை. ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளை வேறு மாதிரி யாரும் அழைத்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், வருகிறவர்களைப் பலகையோடு நெஞ்சை ஒட்டி நிற்க வைத்து, மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்வது அவள் வேலை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் தங்கையை வளர்த்ததும் அவள்தான். சின்னவள் கடைத்தெருவில் செருப்புக் கடையில் விற்பனைப் பெண். அந்தக் கடையில் வாடிக்கையாளர் உட்கார மெத்தை வைத்த நாற்காலிகள் உண்டு, வேலை செய்கிறவர்கள் உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. உட்கார்ந்தால் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை ஊர்க்கால்களுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தன் கால்கள் இரண்டையும் தூக்கி அக்காவின் மடியில் போடுவாள். அக்கா பேசிக்கொண்டே அமுக்கிவிடுவாள். சின்னவளுக்கு ஏன் சினிமாமேல் அத்தனை பைத்தியம் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: மூன்று மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள்.

பார்த்த படங்களுக்கு அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். முன்பக்கத்திலிருந்து பார்த்த படங்கள்; நோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டிய படங்கள். தயாரிப்பாளர் வைத்த பெயரை அவள் மதித்ததே இல்லை. பார்த்த பக்கத்தில் ‘நாய் செத்துப்போகிற படம்’, ‘கதாநாயகிக்கு வசனமே இல்லாத படம்’ என்று இருக்கும். பார்க்க வேண்டிய பக்கத்தில் ‘போஸ்டரில் கலங்கரை விளக்கம்’, ‘சிவப்புக் கோட்டுக்காரி, எப்போது வருமோ’ என்று இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் எதிரே, யாரோடு என்று ஒரு கட்டம். பெரும்பாலும் தனியாக. அக்காவோடு என்று எழுதிய இடங்களில் கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கும்: அக்கா தூங்கிவிட்டாள். ஏனென்றால் எக்ஸ்ரே அக்கா இருட்டைக் கண்டால் தூங்கிவிடுவாள். பாதி மாதம் இரவு வேலை பார்க்கிற உடம்பு அது. விளக்கு அணைந்து தலைப்பு ஓடும்போதே தலை தொங்கிவிடும், சண்டைக் காட்சிக்கெல்லாம் அசையாது.

“தூங்கிட்டியா? அப்ப இது செல்லாது. மறுபடி வரணும்” என்பாள் சின்னவள், வெளியே வந்து.

“போடி, டிக்கெட் காசு யார் குடுக்கிறது? பாதி பார்த்தேனே.”

“எந்தப் பாதி? சொல்லு பார்ப்போம்.”

அக்கா தூங்கிய படம் முன்பக்கத்தில் ஏறாது, மறுபடி பின்பக்கத்துக்கே போகும். அதுதான் சட்டம், அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. இரண்டு பட்டியலும் நடுவில் சந்தித்தால் என்ன செய்வாய் என்று அக்கா ஒருமுறை கேட்டாள். சந்தித்தால் கணக்கு முடிந்தது, உன்னை விட்டுவிட்டு எவனையாவது கட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சின்னவள் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள்.

சின்னவளுக்கு இருமல் நிற்காமல் போனபோது, நெஞ்சைப் படம் எடுத்ததும் அக்காதான். மூச்சை இழு, பிடி, விடு என்றாள். கணினியில் படம் வந்தது, பார்த்தாள், டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எல்லாம் தெரிந்துபோனது. வெளியே வந்து, தெளிவா வந்திருக்கு, சட்டையைப் போட்டுக்கோ என்று மட்டும் சொன்னாள். பிறகு ஆஸ்பத்திரியிலேயே மேல்மாடியில் ஒரு கட்டில், ஒரு குளிர்காலம் முழுவதும். கடைசி வாரத்தில் சின்னவள் நோட்டைக் கேட்டு வாங்கி, பின்பக்கப் பட்டியலின் கடைசி வரியை எழுதினாள்: ‘அக்கா தூங்காத ஒரு படம். எதுவாக இருந்தாலும் சரி.’ அதற்கு மேல் எழுத அவள் இருக்கவில்லை. அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டில் வரவில்லை, மாத்திரை போட்டாலும் வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு விடிகிறவரை சுவரைப் பார்ப்பாள். தங்கை இல்லாத வீட்டில் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பின்பக்கத்துப் படங்களைத் தான் பார்த்து முடித்துவிடுவது என்று அவள் தீர்மானித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே அறையில் பாக்கி வேலையை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. முதல் படம் ரயில் நிலையத்துப் படம். அதிலிருந்து ஒவ்வொரு படத்திலும் சின்னவள் நின்றாள். நீதிமன்றப் படத்தில் பார்வையாளர் வரிசைக்குப் பின்னால் நின்றாள். காலைக் காட்சியாகப் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில், அவள் பிறப்பதற்கு முன்பே எடுத்த கல்யாணக் காட்சியில், கறுப்பு வெள்ளையாக நின்றாள். விண்வெளிக் கப்பலில் இரண்டே பேர் இருக்கிற படம் வந்தபோது, இதில் எங்கே நிற்கப் போகிறாள் என்று அக்கா கலங்கிப்போனாள்; கப்பலின் வட்ட ஜன்னலுக்கு வெளியே, பையோடு நின்றாள். எல்லோரும் நடக்கிற இடத்தில் அசையாமல் நின்று, தியேட்டரில் அக்கா உட்கார்ந்திருக்கும் இடத்தை நேராகப் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கவில்லை. அதைக் கவனிப்பது அக்காவின் தொழில். வீட்டுக்கு வந்து நோட்டின் முன்பக்கத்தில் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதினாள்: ‘இடது ஓரம், மேலே. நிழல் தெரிகிறது. தெளிவு போதாது. மீண்டும் பார்க்க வேண்டும்.’

மற்றவர்களுக்கும் தெரிந்தது. அது செருப்புக் கடைப் பொண்ணு இல்லையா என்று முதலில் கேட்டவர் அவளிடம் வழக்கமாகச் செருப்பு வாங்கும் போஸ்ட்மேன். கடை முதலாளி வந்து பார்த்து, சீருடை எங்கள் சொத்து என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு படக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, தங்கள் படத்தில் அப்படி ஒருத்தி கிடையாது என்று சாதித்து, மூன்று காட்சிகள் தொடர்ந்து பார்த்து, தாடையைத் தடவிக்கொண்டு ஊர் திரும்பினார். பிறகு பழகிவிட்டது. இடைவேளையில், இன்னைக்கு எங்கே நிற்கிறாள், பார்த்தீங்களா என்று விசாரித்துக்கொண்டார்கள். அக்கா வந்தால் ஓர இருக்கைக்காரர்கள் காலை ஒடுக்கி வழி விட்டார்கள்.

படத்துக்குப் படம் சின்னவள் கிட்டே வந்துகொண்டிருந்தாள். கூட்டத்தின் கடைசியிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து முன்வரிசைக்கு. சீருடையின் இரண்டாவது பொத்தான் நூல் மாறித் தைத்தது என்பது தெரிகிற தூரம் வந்ததும் அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளுக்கு வந்திருந்தன. சந்தித்தால் கணக்கு முடிந்தது என்று அன்று சின்னவள் சிரித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. அதே மாதிரி புது நோட்டு ஒன்று வாங்கி அந்த வாரப் படத்தை அதில் எழுதினாள். மறுவாரம் திரையில் தங்கை மட்டுமல்ல, கூட்டமே இல்லை. காய்கறி குவிந்து கிடந்த சந்தையில் கதாநாயகியும் கதாநாயகனும் தன்னந்தனியாக நடந்து, யாரிடமும் விலை கேட்க முடியாமல் திரும்பினார்கள். அக்கா பயந்துபோய்ப் புது நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழையதற்கே வந்தாள். எழுத்தைப் பொடியாக்கி எழுதினாள். எவ்வளவு பொடியாக்கினாலும் கடைசியில் ஒரே ஒரு வெற்று வரி மிஞ்சியது; அதற்கு அந்தப் பக்கம், தலைகீழாக, ‘அக்கா தூங்காத ஒரு படம்.’

இப்போது எந்தப் படம் பார்த்தாலும் அதுதான் அந்தப் படம். அவள்தான் எங்குமே தூங்குவதில்லையே. பார்த்தால் வரி நிரம்பும், நிரம்பினால் சின்னவள் போய்விடுவாள். ஒருமுறை போனதே தாங்கவில்லை. அக்கா தியேட்டர் பக்கம் போவதை நிறுத்தினாள்.

அந்த வெள்ளிக்கிழமை வெளியான படம் முதல் கால் மணி நேரத்துக்கு மேல் நகரவில்லை. சாலையைக் கடக்கிற காட்சியில் சின்னவள் நடு ரோட்டில் வந்து நின்றாள். கதாநாயகனின் கார் அவளுக்கு முன்னால் நின்றது. அவன் ஹாரன் அடித்தான், இறங்கி வந்து கும்பிட்டான், திரும்பிப் போய் உட்கார்ந்தான். அவள் அக்காவின் காலி இருக்கையைப் பார்த்தபடியே நின்றாள். அடுத்த காட்சியிலும் அதுதான், அடுத்த நாளும் அதுதான். ஜனங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வாரக் கடைசியில் கதாநாயகனுக்குத் தாடி முளைத்துவிட்டது. தியேட்டர் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து, வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தார்.

“சட்டையைக் கழட்டிட்டு நில்லுங்க சார்.”

“எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. படத்துக்குக் கூப்பிட வந்தேன். நீங்க வராம அந்தப் பொண்ணு வழி விட மாட்டேங்குது.”

“ஒரு வரிதான் சார் பாக்கி. அதை எழுதிட்டா அவ போயிடுவா. அப்புறம் நான் யாரைப் பார்க்கிறது?”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நஷ்டக் கணக்கைச் சொல்லத்தான் வந்திருந்தார். சொன்னது வேறு.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஆனா தினம் நாலு காட்சியும் நானும் பார்க்கிறேன். நின்னுக்கிட்டே இருக்கும்மா. இப்பல்லாம் ஒரு காலை மாத்தி ஒரு காலை ஊனிக்கிட்டு. பார்க்கப் பாவமா இருக்கு.”

எக்ஸ்ரே அக்கா எதையோ எழுதப்போனவள் பேனாவை வைத்துவிட்டாள். இத்தனை படத்தில் அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், எந்த மூலையில் நிற்கிறாள் என்று பார்த்தாள். ஒரு படத்தில்கூட அவள் உட்காரவில்லை என்பதைப் பார்க்கவே இல்லை. ஐயோ, என் புத்தி என்று வாய்விட்டுச் சொன்னாள். வெளியே காத்திருந்தவர்களை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் மேனேஜரோடு புறப்பட்டாள்.

டிக்கெட் இரண்டு வாங்கினாள். வழக்கமாகப் பக்கத்து இருக்கையில் வைக்கும் பையை எடுத்துத் தரையில் வைத்தாள். நோட்டை முழங்காலுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டாள். விளக்கு அணைந்தது. சாலை வந்தது, கார் வந்தது, சின்னவள் வந்து நின்றாள். அக்கா பக்கத்து இருக்கையைக் கையால் தட்டிக் காட்டி, “வாடி, வந்து உட்காரு. போறதா இருந்தா உட்கார்ந்துட்டுப் போ” என்றாள். சின்னவள் கேமராவை நோக்கி நடந்து வந்தாள். முகம் திரையை நிறைத்தது, பிறகு கண்கள், பிறகு ஒரே கறுப்பு. வெளிச்சம் வந்தபோது சாலை காலியாக இருந்தது. கதாநாயகன் காரைக் கிளப்பிக்கொண்டு விட்டால் போதுமென்று போனான். தியேட்டர் கைதட்டியது. பக்கத்து இருக்கையின் ஸ்பிரிங் கிறீச்சிட்டு அமுங்கியது. செருப்பு கழன்று தரையில் விழும் சத்தம், ஒன்று, இன்னொன்று. மடியில் இரண்டு பாதங்கள் ஏறின. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து இரும்பு மேசை அளவுக்குக் குளிர்ந்திருந்தன. அக்கா திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. இரண்டு கையாலும் அமுக்கிவிட ஆரம்பித்தாள், முதலில் குதிகால், பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக. இந்தப் படம் முடியக் கூடாது என்று நினைத்தாள். கண்ணை இமைக்காமல் முழுவதும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை தளர்ந்து, தலை தொங்கி, தூங்கிவிட்டாள்.

விளக்கு எரிந்து, கூட்டம் போய், பெருக்குகிறவர் வந்து தோளைத் தொட்டபோதுதான் விழித்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. மெத்தையின் நடுவில் பள்ளம், தொட்டால் சில்லென்றிருந்தது. எல்லாம் முடிந்தது, கடைசியாக ஒருமுறை முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் போனேனே என்று அழுதபடி நோட்டைத் தேடினாள். அது மடியில் விரிந்து கிடந்தது. அந்த ஒற்றை வரி வெற்றாகவே இருந்தது. அந்தப் பக்கத்தில், தலைகீழான பட்டியலின் ஓரத்தில், சின்னவளின் சாய்ந்த எழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: ‘அக்காவோடு. இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டாள். செல்லாது. மறுபடி வரணும்.’

இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. டிக்கெட் விலை பல முறை ஏறிவிட்டது, பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுவிட்டார், தியேட்டரில் எல்லா நாற்காலிகளையும் மாற்றியபோது இரண்டை மட்டும் ஸ்பிரிங்கோடு விட்டுவைத்தார்கள். படங்களின் கூட்டத்தில் இப்போது யாரும் நின்றுகொண்டிருப்பதில்லை. எக்ஸ்ரே அக்கா வியாழக்கிழமை இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். மறுநாள் மதியக் காட்சியில் விழித்திருந்துவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு. வாரம் முழுவதும் வராத தூக்கம் அங்கே வந்துவிடுகிறது. நோட்டின் ஓரத்தில் உள்ள பென்சில் எழுத்தை ஒவ்வொரு வாரமும் யாரோ அழித்துவிட்டு மறுபடி எழுதுவதால் அந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருக்கிறது, ஆனாலும் தாங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்து டார்ச் அடிக்கிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லி வைக்கிறார்கள்: பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் குறட்டை கேட்டால் எழுப்ப வேண்டாம், பக்கத்து இருக்கையின் கீழே ஒரு ஜோடி செருப்பு கிடக்கும், தட்டிவிடாமல் நடக்க வேண்டும்.