இழுபட்ட கம்பி

ஓடைச் சேற்றில் முழங்கால்வரை நின்று, புதைந்த ஜீப்பின் முன்சக்கரத்தை விடுவிக்க மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தான் நங்கூரம். எந்த வண்டி சிக்கினாலும் முதலில் கெட்டியான மரம் தேடிப் பட்டை கட்டுகிறவன் என்பதால் கம்பெனியில் ஒட்டிய பெயர் அது. பக்கத்தில் வாரிக்கொண்டிருந்தவன் அவன் தங்கை புருஷன்.

"உங்க தங்கச்சி பிடிவாதமே தேவலாம் மச்சான். இது அசையவே மாட்டேங்குது."

"வாயைக் குறைச்சுட்டு வாரு மாப்ளே."

கரையில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஜீப்பின் முதுகில் மண் துளைக்கும் மெஷின் இருந்தது. கரைமேல் நிறுத்திய லாரியின் முன்பக்கத்தில், இரும்புக் கம்பியை உருளையில் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச்.

நங்கூரம் கரையேறிக் கையைத் துடைத்துக்கொண்டான். "சார், ஜீப்பும் மெஷினுமா ரெண்டரை டன். நம்ம வின்ச் இழுக்கிறதே மூணு டன்தான்."

"அப்புறம் என்ன, போதுமே?"

"ரோட்டுல நின்னா போதும். இங்க சேறு பிடிச்சு வச்சிருக்கு, அதுவே இன்னொரு வண்டி கனம். கப்பி இருந்தா கம்பியை மடிச்சு மாட்டிப் பாதி பாரமாக்கிடலாம். அதை வேற சைட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன்." கம்பியில் ஓரிடத்தில் இழைகள் விட்டுப்போய் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. கையுறை போட்ட விரலால் அதைத் தொட்டுக் காட்டினான்.

"போன வாரம் இதே கம்பிதானே இழுத்துச்சு?"

"மெஷினையாவது இறக்கிடுவோம் சார். ஒரு மணி நேரம்."

"ஓடைக்கு மேல்பக்கம் மழை கொட்டுது. தண்ணி வந்து மெஷின் போச்சுன்னா யாருப்பா பதில் சொல்றது? மாட்டு."

தன்னால் ஆனதையெல்லாம் அவன் செய்தான். லாரியைப் பின்னால் இருந்த மரத்தோடு பட்டையால் கட்டினான். உருளையில் ஐந்து சுற்று மட்டும் விட்டு மிச்சக் கம்பியை முழுக்க வெளியே எடுத்தான். அப்போதுதான் வின்ச்சுக்கு முழு பலம். அறுந்தால் துள்ளாமல் அமுக்கட்டும் என்று நனைத்த சாக்குகளைக் கம்பிமேல் போட்டான். எல்லோரையும் கம்பியின் நீளத்துக்கு மேலேயே விலகி நிற்கச் சொன்னான்.

"இழுக்கும்போது யாரும் தாண்டாதீங்க. ஆளை ரெண்டா வகுந்துடும்."

மாப்பிள்ளை தூரத்து மேட்டில் நின்று கையசைத்தான். நங்கூரம் லாரிக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான். கம்பி விறைத்து முனகியது. ஜீப் ஒரு சாண் நகர்ந்தது.

அப்போது ஜீப்புக்குள் போன் அடித்தது, மேனேஜருடையது. அவர் கரையிலிருந்து இறங்கி நேராகக் கம்பியை நோக்கி நடந்தார்.

"சார்! போகாதீங்க சார்!"

மாப்பிள்ளை கத்திக்கொண்டே ஓடினான். நங்கூரம் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். எடுத்தாலும் விறைத்த கம்பி விறைத்தபடியே இருந்தது. மாப்பிள்ளை மேனேஜரைச் சேற்றில் தள்ளிவிட்டான். அடுத்த நொடி வெடிச் சத்தம். சாக்குகள் கிழிந்து பறந்தன. மேனேஜர் எழுந்து முகத்துச் சேற்றை வழித்தார். மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை.

மாப்பிள்ளையின் வலது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் காலை மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தங்கை ஸ்டூலில் இருந்து எழுந்து அவருக்கு இடம் விட்டாள். அவர் ஒரு தாளை நங்கூரத்திடம் நீட்டினார். 'பணியாளர் எச்சரிக்கையை மீறி, இழுபட்ட கம்பியின் எல்லைக்குள் சென்றார்.' கீழே பணியாளர் கைரேகைக்கு ஓர் இடம், சாட்சி கையெழுத்துக்கு ஓர் இடம்.

நங்கூரம் இரண்டு முறை படித்தான்.

"போனது நிஜம் சார். எதுக்குப் போனான்னு இதுல இல்லையே?"

"அதுக்கு இந்த ஃபாரத்துல கட்டம் இல்லப்பா." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இது போகலைன்னா ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஹெட் ஆபீஸ் ஒத்துக்காது. யோசிச்சுக்கோ."

நங்கூரம் தங்கையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்டுடுண்ணே" என்றாள்.

பேச்சுச் சத்தத்தில் மாப்பிள்ளை கண் விழித்தான். வந்திருப்பவர் யாரென்று அடையாளம் தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உதடு காய்ந்திருந்தது.

"சாருக்கு அடி ஒண்ணும் படலையே?"

"இல்லப்பா, இல்ல" என்றார் மேனேஜர். நங்கூரத்தின் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு, மை டப்பாவைத் திறந்து கட்டில்மேல் வைத்தார். மாப்பிள்ளையின் இடது கையை எடுத்து, கட்டைவிரலை மையில் ஒற்றி, தாள் நகராமல் முழங்கையால் அமுக்கிக்கொண்டு, தன் இரண்டு கைகளாலும் அதைப் பதியவைத்தார்.