ஒட்டாமல் வைத்த பெயர்

கிட்டாரில் ஐந்து கம்பிகள் ஏறிவிட்டன. ஆறாவதை முடிச்சுப் போடும்போது மக்பூலின் விரல் நழுவியது. நைலான் கம்பி துள்ளி அவன் தாடையில் அடித்தது.

"ஒரு கம்பி கட்டறதுக்கு இவ்ளோ நடுக்கமா?" என்று கைசர் ஜஹான் சிரித்தாள். "நம்ம கல்யாணத்தன்னைக்குக் கூட உங்க கை இப்படி ஆடலையே."

"அன்னைக்கு மெட்ராஸ்லேர்ந்து யாரும் பரீட்சை வைக்க வரலையே."

வீட்டில் இருவரும் உருதுவில்தான் பேசுவார்கள். பட்டறைக்குள் காலை வைத்துவிட்டால் தமிழ்தான். முதலாளி சக்கரபாணிக்குப் புரியாத எதையும் அவர் இடத்தில் பேசக்கூடாது என்பது மக்பூல் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

திருவண்ணாமலை செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியின் பின்கட்டுதான் பட்டறை. சக்கரபாணி ஸ்பெயினுக்குப் போய் கிட்டார் செய்யக் கற்றுக்கொண்டு வந்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இங்கே கதவு போட வந்த மக்பூலின் இழைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, கதவோடு சேர்த்து அவனையும் வைத்துக்கொண்டார். மூன்று வருஷமாக அவருக்குத் தோள்பட்டை வலி. உளியைத் தொடுவதில்லை. கிட்டார்கள் என்னவோ அவர் பெயரோடுதான் போய்க்கொண்டிருந்தன.

இந்தக் கிட்டார் மட்டும் வேறு. மரம் தேடியதிலிருந்து எல்லாம் மக்பூல்தான். "கச்சேரியில வாசிக்கிற தரத்துக்கு வந்துச்சுன்னா உள்ள உன் பேர்தான்யா" என்று சக்கரபாணி போன கார்த்திகை தீபத்தின்போது வாய் நிறையச் சொன்னார். கச்சேரிக் கிட்டாருக்குள் ஒரு பெயர் இருந்தால், அடுத்து வாங்குகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். வீட்டு மாடியில் ஒரு மேசையைப் போட்டு மக்பூல் தனியாகவே தொழில் செய்யலாம். மாடியில் தகரக் கூரையை எந்தப் பக்கம் சரிப்பது என்பது வரைக்கும் கைசர் ஜஹான் முடிவு செய்து வைத்திருந்தாள்.

முதுகும் பக்கங்களும் ஈட்டி மரம். போளூரில் இடித்த வீட்டு அலமாரி ஒன்றிலிருந்து அறுத்து எடுத்தது. முன்பலகை ஸ்ப்ரூஸ் என்ற வெளிநாட்டு மரம். அதை இழைப்பதும் விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பதுமாகப் பதினாறு நாள் போயிற்று. இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது பலகை அவனுக்குப் பதில் சொன்னது. அங்கேயே இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டான். மேல்பூச்சு முழுக்கக் கைசர் ஜஹானுடையது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் ஒரு மாதம் வட்டம் வட்டமாகத் தேய்த்திருக்கிறாள். அவள் விரல் நுனிகளில் இன்னும் அந்தப் பழுப்பு போகவில்லை.

கிட்டார்ப் பெட்டியை மூடுவதற்கு முன்பே பெயர்த் தாளை உள்ளே ஒட்டிவிடுவதுதான் வழக்கம். மகள் ஆஃப்ஷீன் கெட்டித் தாளில் அழகாக எழுதித் தந்திருந்தாள்: மக்பூல், திருவண்ணாமலை. முதுகுப் பலகையை ஒட்டிய அன்று கைசர் ஜஹான் தாளும் பசையுமாக வந்து நின்றாள். மக்பூல்தான் மறுத்துவிட்டான்.

"மொதல்ல சத்தம் வரட்டும். நல்லா வந்தா முன்பலகத் துளை வழியா கைய வுட்டு ஒட்டிக்கலாம். வரலன்னா எம் பேர சுமந்துகினு இது எங்க போவும்?"

அந்தத் தாள் இப்போது பிளாஸ்டிக் உறைக்குள், அவன் சட்டைப் பையில் இருந்தது.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் காரை வேங்கிக்காலிலேயே நிறுத்திவிட்டார்கள், ஆட்டோவில் வருகிறேன் என்று கிட்டாரை வாசித்துப் பார்க்க வரும் அபிநயாவிடமிருந்து போன் வந்தது. சென்னையில் மேடையேறி வாசிக்கிறவள். அடுத்த மாதம் டெல்லியில் அவளுக்குக் கச்சேரி. மக்பூலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதுக் கம்பிகள் நிமிஷத்துக்கு ஒரு தடவை தளர்ந்தன. அவன் முறுக்குவான், வாசலுக்குப் போவான், திரும்பி வந்து மறுபடியும் முறுக்குவான்.

அபிநயா வேர்த்து விறுவிறுத்து வந்தாள். தண்ணீர் குடித்தாள். கிட்டாரை மடியில் வைத்து ஒரே ஒரு கம்பியை மீட்டினாள். நிறுத்தி, சத்தம் முழுசாக அடங்கும் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள்.

 இத்தனை சத்தமா இதற்குள் இருந்தது! சுவரில் மாட்டியிருந்த அரங்கள் ஆணியில் கிணுகிணுத்தன. விடுதிச் சமையற்கட்டில் மிக்ஸி நின்றது. சமையல்காரம்மா ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்றாள். கைசர் ஜஹான் முதலாளி இருப்பதையும் மறந்து புருஷனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பாதியில் அபிநயா நிறுத்தினாள். "மூணாவது கம்பி மட்டும் மேல போனா சத்தம் லேசா அமுங்குதே."

"அஞ்சே நிமிஷம்மா."

மக்பூல் கம்பிகளைத் தளர்த்தி, அவை உட்காரும் எலும்புத் துண்டை உருவினான். மூன்றாவது கம்பியின் இடத்தில் அரத்தால் இரண்டே இழுப்பு. ஊதிவிட்டுத் திரும்பப் பொருத்தினான். அபிநயா அதே இடத்தை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"ஐயோ!" என்று குழந்தை மாதிரி சிரித்துச் சக்கரபாணி பக்கம் திரும்பினாள். "சார், டெல்லிக்கு இதுதான். இன்னிக்கே எடுத்துட்டுப் போறேன். என் டீச்சர் கேட்டாங்கன்னா அவங்களும் ஒண்ணு செய்யச் சொல்லிடுவாங்க." துளைக்குள் எட்டிப் பார்த்தாள். "உள்ள பேரே இல்லையே?"

மக்பூலின் கை சட்டைப் பைக்குப் போனது.

"ஒரு நிமிஷம் மக்பூல்" என்று சக்கரபாணி அவனை உள்ளறைக்கு அழைத்தார். அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது. தோளில் கை போட்டார். "இவ்ளோ நல்லா வரும்னு நான் நெனைக்கவே இல்லைய்யா."

"உங்க தயவு சார்."

"டெல்லிக்குப் போற கிட்டாரு. அங்க மக்பூல்னா யாருக்குத் தெரியும்? அடுத்ததுல உன் பேரைப் போட்டுக்கலாம்."

"நல்லா வந்தா எம் பேருன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"நல்லா வந்துடுச்சே. அதனாலதான் சொல்றேன்." மேசை இழுப்பறையைத் திறந்து, தங்கக் கரை போட்ட ஓர் அச்சுத் தாளை எடுத்து நீட்டினார். சக்கரபாணி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "என் கை அந்தத் துளைக்குள்ள போகாது. நீயே ஒட்டிக் குடுத்துடு. அந்தப் பொண்ணு காத்துட்டு இருக்கு."

வெளியே வந்தபோது கைசர் ஜஹான் அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். பட்டறைக்குள் முதல் தடவையாக உருதுவில் ஒரு வார்த்தை கேட்டாள். அவன் தமிழில், "பசையக் குடு" என்றான்.

கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டுக் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டான். உட்புறம் அவன் இழைத்த மரம் வழவழவென்று விரலில் பட்டது. தாளைக் கோணாமல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு காற்றுக் குமிழ்கூடத் தங்காமல், மெதுவாக அழுத்தித் தடவினான். கையை எடுத்ததும் துளை விளிம்பில் அவன் வியர்வை பட்ட இடத்தைக் கைசர் ஜஹான் துணியால் துடைத்தாள்.

அபிநயா போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள்.

"சூப்பர்ணா! இப்ப ஒட்டினதுன்னே தெரியல. மொதல்லேர்ந்தே அங்க இருந்த மாதிரி இருக்கு."