அஞ்சு மணி மிஸ்டுகால்

கிட்ட வாங்க, கண்ணுகளா. முழங்கால் இடித்தாலும் பரவாயில்லை, நெருங்கி உட்காருங்க. ஒரு கதை தாரேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் பயந்து பயந்து எழுதுகிற கதை.

1

கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சேலை எடுக்கப் போயிருந்தேன். மடிப்புப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண், சரியாக ஐந்து மணிக்குப் போனை எடுத்து யாருக்கோ அடித்தாள். இரண்டு தடவை மணி அடித்ததும் அந்தப் பக்கம் கட் பண்ணிவிட்டார்கள். அவள் முகம் தெளிந்து சிரித்தாள்.

"இந்த மாம்பழக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா" என்றாள்.

எடுக்காத போனுக்கு யாராவது சிரிப்பார்களா? அங்கேதான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. மற்றதெல்லாம் என் கற்பனை.

2

அவளுக்கு அமுதவள்ளி என்று பேர் வைத்தேன். அப்பா கருத்தையா. பசுவந்தனை ரோட்டில் நாலு மைல் தள்ளி, கரிசல் காட்டுக்குள் லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட்டில் மருந்து கலக்குகிறவர்.

அமுதவள்ளி ஓர் அழகான… (அழகு இந்தக் கதைக்கு என்ன செய்யும்? அடித்துவிட்டேன்.)

மூன்று வருஷத்துக்கு முன் அவள்தான் மனு எழுதிப் போட்டு அந்த ஷெட்டுக்குச் சீல் வைக்கவைத்தாள்.

"ஊர் வயித்துல அடிச்சிட்டியேட்டி. இனி என்கிட்டப் பேசாத."

"உங்க உசுருக்காகத்தான் போட்டேன், அய்யா."

"என் உசுரு கலக்குத கையில இருக்கு. உன் காயிதத்துல இல்ல."

சீல் வைத்த ஷெட் இரண்டு காடு தள்ளி மறுபடி முளைத்தது. அவரும் போனார். அன்றிலிருந்து பேச்சில்லை.

3

மருந்து அறைக்குள் போன் கூடாது, ஒரு சின்னப் பொறி போதும். மஞ்சப்பையில் போட்டு வெளியே உடைமரத்தில் தொங்கவிட வேண்டும். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தால்தான் கைக்கு வரும்.

முதல் தடவை அவள் அடித்தபோது கோபத்தில்தான் கட் பண்ணினார். ஆனால் கட் பண்ண ஒரு விரல் வேண்டுமே. விரல் இருக்கிறது, ஆள் வெளியே வந்துவிட்டார். அவளுக்கு அது போதும். மறுநாளும் அடித்தாள்.

இன்னும் அதே கோபமா, இல்லை 'வந்துட்டேன்' என்று சொல்கிறாரா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

"அஞ்சு மணி ஆனா உங்கய்யா கைகூடக் கழுவாம போனப் பிடிச்சிக்கிட்டு நிக்காவ" என்று ஷெட்டில் வேலை பார்க்கும் முத்துத்தாய் சொன்னாள்.

(சொல்லவில்லை. நான் சேர்த்தேன். பயம் தாங்கவில்லை.)

4

ஒருநாள் மத்தியானம் மூன்று மணி. தூரத்தில் ஒரு சத்தம். கடைக் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"இடியாட்டி?" என்றாள் கூட வேலை பார்க்கும் இந்துஜா.

"மேகமே இல்லயே."

"அப்ப கல்குவாரியில வெடி வச்சிருப்பான். மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?"

அடிக்கலாமா? கட் ஆகாவிட்டால் ஒழுங்காக உள்ளே வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். கட் ஆகாவிட்டால் வேறு அர்த்தமும் உண்டு. மறதியாகச் சட்டைப்பையில் போனோடு உள்ளே போயிருந்தால், அவள் அடிக்கிற மணியே… (இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.)

அவள் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் சேலை மடித்தாள். ஒரே சேலையை.

5

ஐந்து மணி. அடித்தாள்.

முதல் முடிவில், இரண்டாவது மணியில் கட் ஆகிறது. எழுதிப் பார்த்தேன், மத்தியானம் கேட்ட அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிற இன்னொரு முடிவுக்குப் பேனா எடுத்தேன், கை வரவில்லை. மற்றொன்றில் அவர் போனை எடுத்து "ஏட்டி" என்கிறார். எனக்குத்தான் பேராசை.

முதல் மணி அடித்துவிட்டது. இரண்டாவது அடிக்கிறது. கட் பண்ண வேண்டிய அந்த விரலை உங்களிடம் தருகிறேன்.

போயிட்டு வாங்க, கண்ணுகளா. காலையில் உங்க வீட்டு வாசல் தாண்டிப் போனவர்கள் அத்தனை பேரும் பொழுதடையத் திரும்பி வரட்டும், பத்து விரலோடும், பேச்சோடும்.