ஆறு போர் கண்ட என்ஜின்

சனிக்கிழமை காலை பத்து மணி நிலவரப்படி, சாண்ட்ராவின் காருக்கு இன்னும் ஐம்பது மணி நேரம் ஆயுள் பாக்கி இருந்தது.

கார் என்றால் எழுபத்தெட்டாம் வருடத்துப் பத்மினி. ஸ்டியரிங்கை ஒட்டிக் கைக்கு எட்டுகிற கியர், பின்னால் சன்னமாக எழும்பி நிற்கும் இரண்டு துடுப்புகள், வெளுத்த நீலம். சாண்ட்ராவுக்கு எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வேயர் உத்தியோகம். கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளில் எது நசுங்கியது, எது ஓட்டை, எது ஒட்டுப்போட்டது என்று தட்டித் தடவிப் பார்த்து எழுத வேண்டும். நாள் முழுக்க நாலு மூலைப் பெட்டிகளையே பார்த்துப் புளித்துப்போன கண்ணுக்கு அந்தக் காரின் வளைவு பிடித்துப்போனது. போனஸ் வந்த கையோடு வாங்கிவிட்டாள். என்ஜின் இறுகிப்போய்க் கிடப்பது தெரிந்தேதான் வாங்கினாள்.

வண்டி நின்ற இடம் ராயபுரத்தில் அண்ணன் நோயலின் குடோன். அதை அவன் ஐஸ் பெட்டி வியாபாரி ஒருவருக்கு வாடகைக்குப் பேசி முடித்துவிட்டான்.

“திங்கக்கெழம பன்னெண்டு மணிக்கு அந்தாளு சரக்கோட வந்துடுவாரு. அதுக்குள்ள உன் டப்பாவ எங்கனா இட்டுகினு போ. இல்லைன்னா காயலான் கடைக்கு நானே போன் பண்ணிடுவேன். அப்பால மூஞ்சத் தூக்கிகினு நிக்கக் கூடாது.”

போக்கிடம் ஒன்றே ஒன்றுதான்: திருவொற்றியூரில் டெரிக்கின் மெக்கானிக் ஷெட். டெரிக் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் கலீஜ். அவனும் ஒரு நிபந்தனை போட்டான்.

“என்ஜினோட வா, எடம் தர்றேன். வெறும் பாடிய போட்டுட்டு, அப்பால பாக்கலாம்னு போனவங்க எத்தினி பேரு தெரியுமா? நான் நடத்துறது ஷெட்டு, சவக்கிடங்கு இல்ல.”

ஆக, திங்கள் நடுப்பகலுக்குள் என்ஜின். அதையும் வாங்கி, பிரித்து, புதுப்பித்து ஓட்டுவதற்குள் நாற்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. ஒருமுறை தப்பாக வாங்கினால் மறுமுறைக்கு வழியில்லை.

காரிலேயே இருந்த என்ஜினை டெரிக் முதல் நாளே திறந்து பார்த்துக் கைவிரித்துவிட்டான். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் தேய்ந்துபோனால், அதன் உள்சுவரை ஒரு முடியளவு கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஷெட் பாஷையில் அதற்குப் ‘போர் போடுவது’ என்று பெயர். இருபது, நாற்பது, அறுபது என்று அளவைக் கூட்டிக்கொண்டே மூன்று முறை போடலாம். அதற்கு மேல் சுவர் தாங்காது. சாண்ட்ராவின் என்ஜின் மூன்றையும் பார்த்து முடித்துவிட்டு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டிலும் விரிசல் விட்டிருந்தது.

இருவரும் முதலில் போன இடம், யானைக்கவுனியில் ஹஃப்சா நடத்தும் பழைய பாகக் கடை. அங்கே ஒரு பத்மினி என்ஜின் புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் பச்சைப் பெயின்ட்.

“பம்பாய் டாக்ஸியில இருந்து கழட்டினதாம். புரோக்கர் நேத்துதான் கொண்டுவந்து வச்சான். இருபத்தெட்டுக்கு முடிச்சுத் தர்றேன், எடுத்துக்க” என்றாள் ஹஃப்சா.

டெரிக் விசிறியைச் சுழற்றிப் பார்த்து முகம் மலர்ந்தான். சாண்ட்ரா என்ஜினை நெருங்கினாள். பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, யார்டில் பெட்டிகளைத் தட்டுவது போல, சிலிண்டர்கள் அடங்கிய இரும்பு பிளாக்கின் பக்கவாட்டில் விரற்கடைக்கு விரற்கடை தட்டிக்கொண்டே வந்தாள். ணங். ணங். ணங். தொப்.

நின்றாள். மறுபடி தட்டினாள். தொப்.

“இன்னா, கச்சேரியா?” என்றான் டெரிக்.

நாணயத்தின் விளிம்பால் சுரண்டினாள். பச்சைக்குக் கீழே சாம்பல் நிறப் பசை. பசைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

ஹஃப்சா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். “இவ்ளோ மேக்கப்போட வந்தப்பவே எனக்குத் தோணியிருக்கணும். அந்தப் புரோக்கர் வரட்டும், வச்சிக்கிறேன்.” கொஞ்சம் யோசித்தாள். “முகத்துவாரக்குப்பத்துல மாரியப்பன்னு ஒருத்தர்கிட்ட இதே என்ஜின் ஒண்ணு கிடக்கு. படகுல ஏறினது இல்லையாம், கரையிலயே ஏதோ மிஷின்ல ஓடுச்சாம். எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா பெயின்ட் அடிச்சிருக்க மாட்டாரு, அது நிச்சயம்.”

டெரிக்கின் பைக் மதியம் இரண்டு மணிக்குக் குப்பத்துக்குள் நுழைந்தது. மாரியப்பன் ஐம்பது வயதுக்காரர்; வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வலையின் ஈயக் குண்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் கொல்லைப்பக்கம், இரண்டு டயர்களின் மேல், தார்ப்பாய்க்கு அடியில் தனியாகக் கிடந்தது. பழுப்புத் துரு. பெயின்ட் வாசனைகூட இல்லை.

டெரிக் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். வெண்ணெய் போலச் சுற்றியது. அவன் சாண்ட்ராவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு, மெக்கானிக்குகள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டான்.

“அண்ணாத்தே, இதுவரைக்கும் எத்தினி போர் ஆயிருக்கும்?”

மாரியப்பன் விரல் விட்டு எண்ணினார். “ஆறு ஆயிட்டுதுப்பா.”

“ஆறா?”

“ஆறு. ஏழாவதும் போட்டுடலாம்னு எல்லாரும் சொன்னாங்கோ. இனிமே போட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு நான்தான் வேணாம்னுட்டேன்.”

“ஆறும் இதே என்ஜின்தானா?”

“இதேதான். வேற என்ஜின இந்தக் கை தொட்டதே இல்ல” என்றார் பெருமையாக.

டெரிக் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். சாண்ட்ராவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பைக்குக்கு வந்தான். “வா போவலாம். ஆறு தபா கடைஞ்ச சிலிண்டரு அப்பளத்தவிட மெலிசா இருக்கும். தும்முனா ஒடைஞ்சிடும்.”

கத்திவாக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். சாண்ட்ராவின் டீ ஆறிக்கொண்டே இருந்தது.

“டெரிக்கு, மூணுக்கு மேல போட முடியாதுன்னுதானே சொன்னே?”

“முடியவே முடியாது.”

“அப்ப ஆறு எப்பிடி?”

“அந்தாளு ரீல் வுடறாரு.”

“இன்னாத்துக்கு? விக்கிறவன் ரீல் வுட்டா வெல ஏர்ற மாதிரிதானே வுடுவான்? ஒண்ணுகூட ஆவலைன்னு சொன்னா நீ கண்ண மூடிகினு வாங்கியிருப்பே. எவனாவது எறங்குற மாதிரி பொய் சொல்லுவானா?”

டெரிக் பட்டர் பிஸ்கட்டைக் கடித்தபடி அவளைப் பார்த்தான்.

யார்டில் அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள்: இரண்டே கதவு இருக்க வேண்டிய ஒரு பெட்டியின் காகிதத்தில் கதவு மூன்று என்று எழுதியிருந்தது. எல்லோரும் எழுத்துப் பிழை என்றார்கள். போய்ப் பார்த்தால் நிஜமாகவே பக்கவாட்டில் ஒரு கதவு இருந்தது. நடக்கவே முடியாத ஒன்றை ஒருவர் கூச்சமில்லாமல் சொல்கிறார் என்றால், ஒன்று அவர் பொய்யர். இல்லையென்றால் அவர் சொன்னது வேறு, நம் காதில் விழுந்தது வேறு.

“திருப்பு வண்டிய” என்றாள்.

“பெட்ரோல் யாரு போடுவா?”

“நான்தான் போடுறேன். திருப்பு.”

மாரியப்பன் அதே நாற்காலியில் இருந்தார். திரும்பி வந்தவர்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. வெயிலுக்கு இரண்டு சொம்புத் தண்ணீர் வரவழைத்தார்.

“அண்ணா, அந்த ஆறு போர்னு சொன்னீங்களே, அத எங்க வச்சுப் போட்டீங்க?” என்று கேட்டாள் சாண்ட்ரா.

“எங்கன்னா? இங்கயேதான். வாம்மா, காட்டுறேன்.”

என்ஜின் இருந்தது கொல்லையில். அவரோ தெருப்பக்கம் நடந்தார். டெரிக் நின்று யோசித்துவிட்டுப் பின்னால் ஓடினான். மணலில் முழங்கால் உயரத்துக்குத் துருத்திக்கொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் குழாயின் மேல் மாரியப்பன் கை வைத்தார். அதன் வாயில் தேங்காய் ஓடு கவிழ்த்திருந்தது.

“இது மொத போர். நாப்பது அடி. மூணு வருசம் கல்கண்டு மாதிரி தண்ணி குடுத்துது.” பத்து வீடு தாண்டி, துணி காயப் போட்டிருந்த இன்னொரு குழாயைக் காட்டினார். “இது ரெண்டாவது. அதோ, ஆட்டோ நிக்குதே, அதுக்குக் கீழ மூணாவது.”

டெரிக் தலையில் கை வைத்துக்கொண்டு மணலிலேயே குந்திவிட்டான்.

“இன்னாச்சு தம்பிக்கு?”

“ஒண்ணும் இல்லண்ணா. அவன் என்ஜினுக்குள்ள போட்ட போரைக் கேட்டான்.”

“என்ஜினுக்குள்ளயா?” மாரியப்பன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “என்ஜினுக்குள்ள இன்னாத்துக்குப்பா போர் போடுவாங்க? தண்ணியா வரும்?”

விஷயம் இதுதான். பன்னிரண்டு வருடம் அந்த என்ஜின் குப்பத்துக்கே தண்ணீர் இறைத்திருக்கிறது. கடல் பக்கம் என்பதால் ஒவ்வொரு போரும் கொஞ்ச நாளில் உப்புத் தட்டும். உடனே வேறு இடத்தில் அடுத்த போர். என்ஜினை உருட்டிக்கொண்டு போய் அங்கே மாட்டுவார்கள். இப்போது வாசலுக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதால் அதற்கு வேலை இல்லை.

சாண்ட்ராவின் மூளை அடுத்த கேள்விக்குத் தாவியது. “என்ஜின் சூடாவாம இருக்க உள்ள தண்ணி ஓடணுமே. அது எந்தத் தண்ணி?”

“இறைக்கிற தண்ணிதான். நாங்க குடிச்சதத்தான் அதுவும் குடிச்சுது.” மாரியப்பன் கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு சொல்லிடறேன். அப்பால மாரியப்பன் மறைச்சிட்டான்னு பேச்சு வரக் கூடாது. ஆறாவது போர் கரிச்ச அப்பாலயும் நாலு மாசம் ஓட்டுனோம். குடிக்க இல்ல, வலை அலச.”

டெரிக் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். அவன் முகத்தில் சிரிப்பு போய் மெக்கானிக் வந்திருந்தான். “தொறந்து பாத்துடலாம்.”

தலைப்பகுதியைக் கழற்ற ஒரு மணி நேரம் பிடித்தது. டெரிக் அலுமினிய ஹெட்டைத் தூக்கித் திருப்பினான். தண்ணீர் ஓடும் துவாரங்களின் ஓரமெல்லாம் கரையான் தின்ற பலகை மாதிரி அரித்துப்போயிருந்தது.

“ஹெட்டு காலி” என்றான் டெரிக். பிறகு பெட்ரோல் துணியால் பிஸ்டனின் உச்சியைத் துடைத்தான். கரிக்குக் கீழே எழுத்து தெரிந்தது. இருபது. “ஒரே ஒரு தபாதான் கடைஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு பாக்கி கீது.”

சாண்ட்ரா ஒரு கம்பியை வளைத்து, பிளாக்குக்குள் தண்ணீர் சுற்றும் இடுக்குகளில் விட்டுத் துழாவினாள். சிவப்புச் சேறு வந்தது. இரும்பு அரித்து உதிரும் செதில் வரவில்லை. நான்கு சிலிண்டரையும் சுற்றித் துழாவினாள். எங்கேயும் கம்பி அமுங்கவில்லை.

“பிளாக்கு இரும்பு. நாலு மாச உப்புக்கு அலுமினியம் செத்துருச்சு, இரும்பு நின்னுருக்கு” என்றான் டெரிக். “ஹெட்டு ஹஃப்சாக்காகிட்ட கெடைக்கும். ஆனா உள்ள எங்கனா மெலிஞ்சிருந்தா லேத்துல ஏத்துனாதான் தெரியும். நான் கேரண்டி குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

ஒரு பக்கம், பச்சைப் பெயின்டில் விரிசலை மூடி வந்த என்ஜின். இன்னொரு பக்கம், யாரும் கேட்காத நாலு மாதத்தைத் தானாகவே எடுத்து வைத்த மனிதர். சாண்ட்ரா எழுதிய அத்தனை சர்வே ரிப்போர்ட்டிலும் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

“எவ்ளோண்ணா?”

“பதினெட்டு கேக்கலாம்னு இருந்தேன். தலை போச்சு இல்ல, பதிமூணு குடு.”

“ஆர்டிஓவுல என்ஜின் நம்பர் மாத்தணும். அது வந்த காரோட புக்கு இருக்கா?”

அவர் உள்ளே போய், டிரங்குப் பெட்டிக்குள் பாலித்தீன் உறையில் சுருட்டி வைத்திருந்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். சாண்ட்ரா மண்டியிட்டு என்ஜின் எண்ணின் மேல் துணியைத் தேய்த்தாள். ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். புத்தகத்தை வைத்துக்கொண்டு டெரிக் ஒவ்வொன்றுக்கும் “ம்” போட்டான். கடைசி எண் மட்டும் துருவுக்குள் ஒளிந்திருந்தது. மூன்றா, எட்டா?

“புக்குல இன்னா?” என்று கேட்டாள்.

“நீ மொதல்ல சொல்லு.”

நகத்தால் சுரண்டி, வாயால் ஊதி, செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். இடது பக்கம் வளைவு மூடவில்லை.

“மூணு.”

டெரிக் புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தான். “மூணுதான். துட்ட எண்ணிக் குடு, என்ஜின ஏத்திகினு போவ நான் குட்டியானை வண்டிக்குப் போன் போடறேன். நாளைக்கு சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நோயல் குடோனுக்கு வண்டியோட வர்றேன், பாடிய இட்டுகினு வந்துடலாம்.”